ஊர்க்கட்டுக்குள் ஒரு விமானம்

செய்தி வந்தபோது நான் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். வரப்புத் தகராறு. சாட்சி நன்றாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தான், நானும் உற்சாகமாகத்தான் இருந்தேன். குமாஸ்தா பின்னால் வந்து என் கோட்டைத் தொட்டார். விசாரணை நடக்கும்போது தொடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும், இத்தனை வருஷத்தில் தொட்டதுமில்லை. "ஐஸ் கம்பெனி பாய் மவுத்தாயிட்டாராம் சார்" என்றார். நான் நீதிபதியிடம் வாய்தா கேட்டேன். காரணம் என்ன என்று கேட்டார், சொன்னேன். அவரும் ஒரு தடவை பாயின் விமானத்தில் ஏறிப் பார்த்தவர்தான். பேனாவை மூடி வைத்துவிட்டு, "எப்போ?" என்று மட்டும் கேட்டார். வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

அன்று காலை சுபுஹுத் தொழுகை முடித்து, வழக்கம்போல ஐஸ் கம்பெனிக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டிருக்கிறார். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. படுக்கையில் கிடக்கவில்லை, யாரையும் படுத்தவுமில்லை. ஒரே ஒரு தடவை தவிர, இறங்குவதில் அவர் எப்போதும் கெட்டிக்காரர்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் ஐஸ் கம்பெனி கரீம் பாய். மீன் வியாபாரிகள், சோடாக் கடைக்காரர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவரிடம் ஐஸ் வாங்கியவர்கள். மீதிப் பேருக்கு அவர் ஏரோப்ளேன் பாய். எனக்கு அவர் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு கரீம். ஊரே பாய் என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிறது. நான் கறுப்புக் கோட்டு மாட்டிய நாளிலிருந்து "வக்கீலே"தான்.

செங்கல்பட்டில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலத்தில் இந்த மனுஷன் சொந்தமாக விமானம் வைத்திருந்தார். பணக் கொழுப்பு என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் உண்டு. முதுகுக்கு முன்னால் நானே பேசியிருக்கிறேன். ஆனால் அவர் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். சட்டைக் காலர் நைந்தால் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்வார். வீட்டில் வானொலிப் பெட்டி ரிப்பேராகிக் கிடந்தது, கிடந்துகொண்டே இருந்தது. விமானத்துக்கு மட்டும் எதுவும் தாமதமாகாது.

அவர் வாழ்க்கையில் மூன்று விமானங்கள். முதலாவது, யுத்தம் முடிந்த பிறகு ராணுவம் வேண்டாமென்று ஏலத்தில் விட்டது. மஞ்சள் நிறம், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. சென்னையில் பறக்கக் கற்று, லைசென்ஸ் வாங்கி, அதை ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் ஒரு கோடையில் கொளவாய் ஏரியின் காய்ந்த பகுதியில் கொண்டுவந்து இறக்கினார். மேலே காய்ந்திருந்த மண் உள்ளே காயவில்லை. சக்கரம் புதைந்து, விமானம் மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. தாலுகா ஆபீஸ் உட்பட ஊரே ஏரியில் இருந்தது. கரீம் பாய் மெதுவாக இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து வந்து சொன்னார்: "ஏர்றது பெருசு இல்ல வக்கீலே. எங்க எறங்கலாம்னு பாத்துகினே ஏறணும். இன்னிக்கு நான் பாக்கல." பிறகு இந்தப் பேச்சை அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், பெண் கொடுக்கிற விஷயத்தில்கூட.

இரண்டாவது விமானத்தைக் கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவரோடு கூட்டாக வாங்கினார். பாதி மாதம் அங்கே, பாதி மாதம் இங்கே என்று ஏற்பாடு. விமானம் அங்கே இருக்கிற பாதி மாதம் இவரோடு பேசவே முடியாது, எரிந்து விழுவார். சீக்கிரமே கூட்டு முறிந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்றாவது வந்தது. வெள்ளை உடம்பு, பச்சைக் கோடு, தலைக்கு மேலே ஒற்றை இறக்கை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டே இருக்கை. உடம்பெல்லாம் துணி போர்த்தி வண்ணம் பூசியது, தட்டினால் மேளம் தட்டுகிற சத்தம் வரும். அதைத்தான் உங்களுக்கெல்லாம் தெரியும். கடற்கரைக் குப்பங்களில் அதற்கு வெள்ளச்சி என்று பேர் வைத்தார்கள்.

நான் அதில் ஒரே ஒரு தடவை ஏறினேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து சட்டப் புத்தகம் எடுக்க ஏணி ஏறினாலே குமாஸ்தா அடியில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாய் விடவில்லை. மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்துக்கு மேலே போகும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு என் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், இவர் கடற்கரைக் கோயிலைப் பார் என்று என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். இறங்கியதும் காலையில் சாப்பிட்ட இட்லியை அப்படியே மண்ணில் வைத்தேன். அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கோயிலைப் பார்த்தாயா என்று திரும்பவும் கேட்டார். பார்த்தேன் என்று சொன்னேன். அந்தப் பொய்யை அவர் கடைசிவரை நம்பவில்லை.

விமானத்தை மீனம்பாக்கத்தில் விட்டுவைத்து, ஒவ்வொரு தடவையும் அங்கே போய் எடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாய் தாண்டி, இரண்டு மீன்பிடிக் குப்பங்களுக்கு நடுவில் அவருக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. புல்லும் மணலும் முள்ளும். அதைச் சமன் செய்து ஓடுதளமாக்கினார். டெல்லியிலிருந்து அனுமதி வாங்கும் பாடு என் தலையில் விழுந்தது. அங்கேயிருந்து வருகிற ஒவ்வொரு கேள்விக்கும் நான் பதில் எழுதி, அதற்கு ஒரு கேள்வி வந்து, கடைசியில் அவர்களுக்கே அலுத்துப்போய் அனுமதி கொடுத்தார்கள். ஓலைக் கொட்டகை போட்டார், காற்று பார்க்க ஒரு கம்பத்தில் துணிப்பையைக் கட்டினார். ஓடுதளத்தின் ஓரத்தில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. வெட்டிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் அதைவிட்டுத் தள்ளி ஓடுதளத்தைச் சாய்த்துப் போட்டுக்கொண்டார்.

உச்சிப்பொழுதில் திருக்கழுக்குன்றம் மலைப்பக்கம் போகமாட்டார். மலைமேல் கழுகுகள் சாப்பிட வருகிற நேரம். சுற்றிக்கொண்டு, பெட்ரோல் செலவானாலும் ஆகட்டும் என்று தெற்கே தள்ளிப் போவார். இறக்கையில் அடித்துவிடும் என்ற பயமா என்று கேட்டேன். "அதுவும்தான். ஆனா அவுங்க ரூட்டு அது. நமக்கு முன்னாடியே லைசென்சு வாங்கினவங்க" என்றார். குருக்கள் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு ஐஸ் கம்பெனிக்கே வந்து பிரசாதம் கொடுத்துவிட்டுப் போனார்.

மீன் விஷயம் தானாக வந்தது. மேலேயிருந்து பார்த்தால் கவலை மீன் கூட்டம் தண்ணீரில் மை கொட்டின மாதிரி தெரியுமாம். கீழே பெரிய வலைக்காரர்கள் கரையில் நின்று எங்கே மீன், எங்கே மீன் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் பாய் சும்மா விளையாட்டாக, கூட்டம் கிடந்த இடத்துக்கு மேலே இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். வடக்குக் குப்பத்துக்காரர்கள் புரிந்துகொண்டு வலையை அந்தப் பக்கம் விட்டார்கள். கரையில் மீன் மலையாகக் குவிந்தது. மறுநாளும் காட்டினார். அவர் கிளம்பி ஏறுகிற திசை வடக்கு. அதனால் வடக்குக் குப்பத்துக் கடல்தான் அவர் கண்ணில் பட்டது. தெற்குக் குப்பத்துக்காரர்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஊர்ப் பஞ்சாயத்தில் பிராது கொடுத்தார்கள். யார்மேல் என்றால், விமானத்தின் மேல்.

கூட்டத்துக்கு வரச்சொல்லிப் பாய்க்கு ஆள் வந்தது. நான் கூடப் போனேன். இரண்டு குப்பத்து ஆண்களும் அம்மன் கோயில் முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு குப்பத்துக்கும் பெரியவரான ஏழுமலை நாட்டார். நான் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். கடலில் நீந்துகிற மீன் யாருக்கும் சொந்தமில்லை, ஆகாயம் சர்க்காருக்குச் சொந்தம், ஆகவே இந்தச் சபைக்கு விசாரிக்க அதிகாரமே இல்லை என்று ஆரம்பித்தேன். நாட்டார் என்னைக் கோபமில்லாமல் பார்த்து, "வக்கீலு, நீ குந்து. உன் கோர்ட்டுக் கச்சேரில நாங்க வாயத் தொறக்கறோமா?" என்றார். சபை சிரித்தது. நான் உட்கார்ந்தேன். என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக என் வாதம் தள்ளுபடியானதில்லை.

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி மணலில் நின்றார். இரண்டு பக்கத்தையும் கேட்டு முடித்த பிறகு நாட்டார் தீர்ப்புச் சொன்னார்: "பாய், நீ மேல போறே, நாங்க கீழ போறோம். அவ்ளோதான் வித்தியாசம். இந்தக் கரையில ஒதுங்கறது எதுவா இருந்தாலும் அது மரந்தான். உன் வெள்ளச்சியும் ஒரு மரம். மீனு காட்டுனா ரெண்டு குப்பத்துக்கும் காட்டு, இல்லன்னா ஒர்த்தனுக்கும் காட்டாதே. சாவு வுழுந்தா நாங்க எறங்க மாட்டோம், நீயும் ஏறாதே."

மரம் என்றால் அவர்கள் பேச்சில் கட்டுமரம். கடைசியில் சொன்னதுதான் ஊர்க்கட்டு. குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கிற வரை ஒரு கட்டுமரமும் கடலுக்குப் போகாது. கடலில் எவ்வளவு மீன் கிடந்தாலும் சரி, செத்தது எவ்வளவு ஏழையானாலும் சரி. செங்கல்பட்டில் இருக்கிற பாய்க்குச் சாவு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். ஓடுதளத்தின் ஓரத்துப் பனையில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. சம்மதமா என்று நாட்டார் கேட்டார். பாய் தலையாட்டினார். எழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை. கூட்டம் கலைந்தது.

திரும்பும்போது ஜீப்பில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். டெல்லி கொடுத்த லைசென்ஸுக்கு மேலே குப்பத்துப் பஞ்சாயத்து கட்டுப் போட முடியுமா, இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது, எதற்காகத் தலையாட்டினாய் என்று திருக்கழுக்குன்றம் வரை பேசினேன். அவர் ஓட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "வக்கீலே, எஞ்சின் நின்னு கடல்ல வுழுந்தேன்னு வையி. டெல்லியா வரும்? மரத்தை எடுத்துகினு இவுங்கதான் வருவாங்க. தூக்க வர்றவங்க சொல்றதைக் கேக்காம யார் சொல்றதைக் கேக்கறது?" என்றார். நான் வேறு பேச்சுப் பேசினேன்.

அதற்குப் பிறகு அவர் வடக்கே ஒரு சுற்று, தெற்கே ஒரு சுற்று என்று கணக்காகச் சுற்றினார். பனையில் துணி தெரிந்தால் ஜீப்பைவிட்டு இறங்காமலேயே திரும்பிவிடுவார். பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறி, பறக்கிறதே வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆன பிறகும் அப்படித்தான்.

மரம் என்று சொன்னதைக் குப்பத்துக்காரர்களும் சும்மா சொல்லவில்லை. ஒரு ஐப்பசியில் புயல் வரப்போகிறது என்று வானொலியில் சொன்னார்கள். நானும் பாயும் மழையில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. பாய் முகம் செத்துப்போயிற்று. பார்த்தால், குப்பத்து ஆட்கள் தங்கள் மரங்களை மேட்டுக்கு இழுத்தபோது வெள்ளச்சியையும் சேர்த்து இழுத்துப்போய்ச் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் நிறுத்தி, மேலே வலையைப் போர்த்தியிருந்தார்கள். அதோடு விடவில்லை. கட்டுமரத்தைக் கரையேற்றினால் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்துப் போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். ஒருவர் கத்தியோடு இறக்கைக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "றெக்கைய எந்தக் கயித்துல கட்டிகீறே பாய்? அவுத்து வெச்சுடலாம்னு பாத்தா ஒண்ணும் கெடைக்கல" என்றார். பாய் ஓடிப்போய் அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டார். அப்புறம் மழையில் நின்று சிரித்தார், எனக்கு நினைவு தெரிந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. கொட்டகை புயலோடு போயிற்று, பாய் பிறகு புதிதாகப் போட்டுக்கொண்டார். விமானம் பிழைத்தது.

அவர் மனைவி ஜொஹராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தங்கச்சி முறையாகப் பழகியவள். அவளுக்கு விமானம் என்றால் ஆகாது. சக்களத்தி என்றுதான் சொல்வாள். கல்யாணமான நாள் முதல் பாய் கெஞ்சிப் பார்த்தார், ஒரு தடவை ஏறு, ஒரே ஒரு சுற்று என்று. அவள் மசியவில்லை. அவர் பறக்கப் போகிற நாளெல்லாம் திரும்பி வருகிற வரை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள் என்பது என் மனைவி சொல்லித்தான் எனக்குப் பின்னால் தெரிந்தது. பாய் ரொம்பவும் நச்சரித்தால், "நீங்க இதை வுடற அன்னிக்குச் சொல்லுங்க, அன்னிக்கு ஒரு தடவை ஏறிப் பாக்கறேன்" என்பாள். எங்கள் எதிரிலேயே பல தடவை சொல்லியிருக்கிறாள். வராத நாள் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

அந்த நாள் வந்தது. பாய்க்குச் சர்க்கரை வியாதி. அது கண்ணில் இறங்கியது. லைசென்ஸ் நீட்டிப்புக்காகச் சென்னையில் பரிசோதித்த டாக்டர், இருக்கிற லைசென்ஸ் மாதக் கடைசி வரை செல்லும், அதற்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டார். பாய் நேராக என் வீட்டுக்கு வந்தார். அப்பீல் செய்யலாம், வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று நான் ஆரம்பித்தேன். வேண்டாம் என்றார். தூரத்தில் பனை இரண்டாகத் தெரிகிறது, டாக்டர் சொன்னது சரிதான் என்றார். பிறகு, "கடைசி நாள் ஜொஹராவ ஏத்திகினு ஒரு சுத்து. கரையோரமா மாவலிபுரம் வரைக்கும். அது போதும்" என்றார். முப்பது வருஷம் கேட்டுக் கிடைக்காதது அது ஒன்றுதான். வேறு எதற்கும் அவர் அந்த மாதத்தில் முகம் மலர்ந்து நான் பார்க்கவில்லை.

மாதக் கடைசி நாளில் காலையிலேயே நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். ஜொஹரா பெருநாளுக்கு எடுத்த புடவை கட்டியிருந்தாள். மூக்குக் கண்ணாடி காற்றில் பறந்துவிடும் என்று நூல் போட்டுக் கட்டியிருந்தாள். ஜன்னல் மூடித்தான் இருக்கும் என்று பாய் சொன்னதை அவள் நம்பவில்லை. கால்வாயைத் தாண்டியதும் பாய் ஜீப்பை நிறுத்தினார். பனையில் வெள்ளைத் துணி ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது இரண்டாகத் தெரிந்ததோ என்னவோ, என்னைப் பார்த்து, "துணிதானே?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

தெற்குக் குப்பத்தில் கருவாடு விற்கிற பச்சையம்மா என்ற கிழவி விடியற்காலையில் செத்துப்போயிருந்தாள். மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவார்கள், அதற்கப்புறம் பறக்கலாம் என்று காத்திருந்தோம். மத்தியானம் ஆயிற்று. கிழவியின் மகன் காசிமேட்டில் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தான், படகு கரைக்கு வந்தால்தான் அவனுக்குச் சேதியே சொல்ல முடியும், அவன் வராமல் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தது. ஜொஹரா கொண்டுவந்த சாப்பாட்டை யாரும் தொடவில்லை. நான் பாயோடு வாதாடினேன். காற்று சாதகமாக இருக்கிறது, வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது, குப்பத்துக்கு மேலே போகாமல் மேற்கே ஏறிச் சுற்றிக்கொண்டு போகலாம், நாளைக்கு நீ விமானியே இல்லை. எல்லாம் சொன்னேன். அவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விமானத்தின் கண்ணாடியை, அவருடையதை அல்ல.

பொழுது சாய்கிற நேரம் ஏழுமலை நாட்டாரே மணலில் நடந்து வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. இருட்டிவிட்டால் அந்தத் தளத்தில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

"பாய், நீ போய்ட்டு வா. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அம்மாவும் வந்துகீது, ஒரு சுத்து சுத்திட்டு வா" என்றார்.

பாய் கொட்டகையைவிட்டு வெளியே வந்தார். "நாட்டாரே, இன்னிக்கு உன் கரையில எந்த மரமாவது எறங்கிச்சா?"

"இல்ல."

"அப்ப என் மரத்தை மட்டும் ஏன் எறக்கச் சொல்றே?"

நாட்டார் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குத் திரும்பிப் போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பாய் விமானத்தின் கதவைத் திறந்து, ஜொஹராவை ஏறச் சொன்னார். அவள் முதல் தடவையாக ஏறினாள். அவர் அந்தப் பக்கம் சுற்றிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். எஞ்சினைத் தொடவில்லை. ஒவ்வொரு முள்ளாகக் காட்டி, இது உயரம், இது வேகம், இது எண்ணெய் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடிக்குக் கட்டிய நூலைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போகிற வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பச்சையம்மாவைத் தூக்குகிற மேளச் சத்தம் இருட்டிய பிறகுதான் கேட்டது.

அதற்கப்புறம் அவர் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுதுவிட்டுப் போய் விமானத்தைத் துடைத்துவைத்துவிட்டு வருவார். ஒரு வருஷம் அப்படி நடந்தது. பிறகு, பறக்காத விமானம் கெட்டுப்போகும் என்று சொல்லி, பறக்கக் கற்றுக்கொடுக்கிற இடம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். எடுத்துப்போக வந்த விமானி ஜொஹராவைப் பார்த்து, வாருங்கள் அம்மா, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறேன் என்றார். "அவர் ஓட்டாம எனக்கு எதுக்குப்பா" என்று அவள் முடித்துக்கொண்டாள். வெள்ளச்சி இரண்டு குப்பத்துக்கும் ஒவ்வொரு சுற்றுச் சுற்றிவிட்டு வடக்கே போயிற்று. பாய் அப்படிச் சுற்றச் சொல்லியிருந்தார். சத்தம் ஓய்ந்த பிறகும் அவர் அண்ணாந்தே நின்றார். அப்புறம் டீ குடிக்கலாமா என்று கேட்டார்.

இப்போது அடக்கம் நடந்த அன்றைக்கு வருகிறேன். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். கபர்ஸ்தானில் நான் மற்றவர்களோடு ஒதுங்கி நின்றேன். உறவுக்காரர்கள் மண் போட்ட பிறகு எங்களையும் கூப்பிட்டார்கள், நானும் மூன்று கைப்பிடி போட்டேன். திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் வரிசை முடியவேயில்லை. இரண்டு குப்பத்து ஆண்களும் வந்திருந்தார்கள். லாரி பிடித்து வந்திருக்கிறார்கள். பெரிய வலைக்கு அது நல்ல பருவம், கவலை மீன் கரையோரமாகவே வந்து கிடக்கிற நாட்கள். ஏழுமலை நாட்டார் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். இத்தனை பேரும் இங்கே இருக்கிறீர்களே, இன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"காலையிலருந்து ஊர்க்கட்டு" என்றார்.

"யார் செத்தது?"

வக்கீல் புத்தி. வாயிலிருந்து வந்துவிட்டது. நாட்டார் என்னை, அன்றைக்கு மணலில் பார்த்த மாதிரியே பார்த்தார். "இன்னா வக்கீலு இப்டிக் கேக்குற? பாயிதான். பனையில துணி கட்டிட்டுத்தான் வந்தோம்" என்றார்.

அந்தப் பனைக்குப் பக்கத்தில் இப்போது கொட்டகை இல்லை, காற்றுப் பையும் இல்லை. ஓடுதளத்தில் முள் மண்டிவிட்டது. அந்தத் துணியைப் பார்த்துத் திரும்பிப் போவதற்கு ஜீப்பும் இல்லை. இருந்தாலும் கட்டியிருக்கிறார்கள். நான் கபர்ஸ்தான் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டு அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

போன வாரம் ஜொஹராவைப் பார்க்கப் போனேன். புருஷன் போன பிறகு வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கிற இத்தாவில் இருக்கிறாள், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் பேசினாள். குப்பத்தில் ஊர்க்கட்டுப் போட்டதை அவளிடம் சொன்னேன். யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. திரும்பவும் ஒரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "என் சுத்து போச்சேன்னு அந்தக் கெழவிய எத்தினி நாள் திட்டிகீறேன் அண்ணே. அது பேரு இன்னா, பச்சையம்மாவா? அதுக்கும் சேத்து இன்னிக்கு துவா கேக்கறேன்" என்றாள்.

பாயின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் கொடுக்கவில்லை, நான் கேட்கவுமில்லை. நான் எழுத்தில் இல்லாத எதையும் நம்பக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற தொழிலில் இருப்பவன். என்னிடம் வருகிற கட்சிக்காரர்களில் பத்துக்கு இரண்டு பேராவது, "வாய் வார்த்தைதான் சார், கையெழுத்து ஒண்ணும் போடல, தப்பிச்சுடலாம் இல்ல?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். தப்பிக்கலாம்தான். எத்தனையோ பேரைத் தப்பிக்கவைத்திருக்கிறேன். இப்போது அப்படி யாராவது கேட்டால், செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்று கரீம் பாய் தலையாட்டியது என் கண்ணெதிரில் வந்து நிற்கிறது. அந்த வழக்கை நான் எடுப்பதில்லை. குமாஸ்தாவுக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு.